அரசரத்தினம் கொல்லப் பார்த்த நுரைப்பூ

சுவிஸின் சூக் நகரில் அரசரத்தினம் குடியிருக்கும் வீட்டின் பின்பக்கம் காட்டோடு முடிகிறது. அங்கே இருக்கும் துண்டு நிலத்துக்கு மரங்கள் ஒரு சொட்டு வெயில்கூட விடுவதில்லை. அதில் ஒரு கிரில் அடுப்பும் நாலு கதிரையும் போட்டு, சனிக்கிழமைகளில் சிநேகிதர்களோடு முந்நூற்றிநாலு சீட்டு விளையாடுவது என்று அவர் தீர்மானம் எடுத்திருந்தார். வாழ்க்கையில் அவர் சொந்தமாக எடுத்த தீர்மானம் அது ஒன்றுதான்.

செப்டெம்பரில் ஒருநாள், முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்த மனைவி நிரஞ்சினி, பன்னிரண்டு செடிகளை மேசையில் வைத்தாள்.

"இஞ்சருங்கோ, இது நுரைப்பூ. ஒருக்கா நட்டால் வருசா வருசம் பூக்கும். பின்னுக்கு நட்டுவிடுங்கோ."

"நுரை வேணுமெண்டால் பியரிலை இருக்கு. அங்கை நான் கிரில் போடப்போறன்."

"செடி பட்டுப்போனால் தாராளமாப் போடுங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அரசரத்தினத்தின் முகம் மலர்ந்தது.

"சரி, எப்பிடி வளர்க்கிறது?"

"நல்ல வெயில் வேணும். தண்ணி கனக்க ஊத்தக்கூடாது. காய்ஞ்ச இலை கிட்டவும் வரக்கூடாது, அழுகிப்போம்."

இதைவிட வேறென்ன வேண்டும்! ஆகப் பெரிய மரமாகப் பார்த்து, அதன் அடியில் நட்டார். முன்வாசல் குப்பை இலையையும் அள்ளிவந்து மண்ணோடு கிண்டிக் கலந்தார். குளிர்காலத்தில் இலைகள் சிவந்தபோது, 'முடிஞ்சுது கதை' என்று கிரில் விலை பார்த்தார். ஏப்ரலில் அதே இலைகளுக்கு நடுவில் புதுத் துளிர். பதறிப்போய், காலையில் வேலைக்குப் போகமுன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. செடியோ நாலு பக்கமும் கொடி விட்டது.

"ஒரு செடியைச் சாக்காட்ட மனிசனுக்கு நுரை தள்ளுதே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மே மாதம் செடிதான் நுரை தள்ளியது. மரத்தடி முழுக்க வெள்ளை வெளேரென்று பூ. மேல்வீட்டுச் சுவிஸ்காரப் பெண்மணி ஃப்ராவ் புருன்னர் இறங்கி வந்து கைதட்டினார்.

"நிழல், ஈரம், மக்கின இலை! இதுக்கு வேண்டியதெல்லாம் சரியாகக் குடுத்திருக்கிறீங்கள். எங்கே படிச்சீங்கள்?"

அரசரத்தினம் விறுவிறென்று குசினிக்குள் போனார்.

"உமக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"பிறகேன் மாறிச் சொன்னனீர்?"

நிரஞ்சினி வெங்காயத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேராச் சொல்லியிருந்தால் செய்திருப்பியளோ? இருபத்தாறு வருசமா நான் சொல்லுறதுக்கு எதிராத்தானே எல்லாம் செய்யிறியள்."

வந்த கோபத்தில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னுக்கு ஓடினார். குசினி ஜன்னல் திறந்தது.

"ஓம், ஓம், ஒண்டும் விடாமல் கிண்டுங்கோ!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. கிண்டினால் அவள் சொல்லைக் கேட்டதாகிவிடும். கிண்டாவிட்டால் பூ அவளுக்கு. கால் மணித்தியாலம் மண்வெட்டியோடு நின்று யோசித்தார்.

ஜன்னல் மறுபடி திறந்தது.

"சும்மாதானே நிக்கிறியள்? ஃப்ராவ் புருன்னருக்கு ஆறு செடி தாறன் எண்டு சொல்லிப்போட்டன். அவவின்ரை பக்கத்தையும் கிண்டி நட்டுப்போட்டு வாங்கோ."