பெண்கள்தான் நெடுநாள் வாழ்வார்கள் என்று எழுதியவருக்கு

பெருமதிப்பிற்குரிய ஞாயிறு மலர் ஆசிரியர் அவர்களுக்கு,

பிரிக்பீல்ட்ஸிலிருந்து, ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாரிஸ் எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சகத்தாரும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன் உங்கள் அறிவியல் பக்கத்தில், ஆண் உடலும் பெண் உடலும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன என்று ஒரு கட்டுரை வந்தது. ஆதிகாலத்தில் ஆண்கள் பெண்ணுக்காக ஒருவரோடு ஒருவர் அடித்துக்கொண்டதால் அவர்களுக்குத் தோளும் கைப்பிடியும் பலமாகிவிட்டன. பெண்கள் பிள்ளை பெற்று வளர்க்க வேண்டியிருந்ததால் அவர்கள் உடல் கொழுப்பைச் சேர்த்துவைக்கவும் நோயைத் தாங்கவும் பழகி, ஆண்களைவிட நெடுநாள் வாழ்கிறது என்று போட்டிருந்தீர்கள். என் மனைவி கெர்ட்ரூடுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "அந்தக் காலத்திலயேவா சண்ட?" என்று கேட்டுவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள். நான்தான் நம்பிவிட்டேன், ஐயா.

அப்போது எனக்கு அறுபத்தேழு, அவளுக்கு அறுபது. வயசும் அறிவியலும் ஒரே பக்கம் நின்றன, நான்தான் முதலில் போக வேண்டும். ஒரு தடித்த நோட்டு வாங்கி, அட்டையில் 'மாரிஸ் போன பிறகு' என்று எழுதி, அவளைப் பழக்க ஆரம்பித்தேன். கேஸ் தீர்ந்தால் தோங்கை, அதாவது சிலிண்டரை, மாற்றுவது எப்படி, கரண்ட் போனால் எந்த சுவிட்சைத் தூக்குவது, குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் எழுதினேன். டெங்கில் பக்கம் ஆளில்லாத சாலையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். செம்பனை மரத்தில் இரண்டு தடவை இடித்தும் நான் விடவில்லை, அறுபத்தொன்றில் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். "போறதுக்கு இவ்ளோ அவசரமா உங்களுக்கு?" என்றாள். "சயின்ஸ் லா, கெர்ட்டி" என்றேன்.

எட்டு மாதத்துக்கு முன் எங்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில் டெங்கி வந்தது. கடிப்பது பெண் கொசு மட்டும்தான், முட்டையிட ரத்தம் வேண்டும் என்றும் அதே கட்டுரையில் பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். அந்தக் கொசு மிச்சக் கட்டுரையைப் படிக்கவில்லை போலிருக்கிறது. ஆண்கள் வார்டில் நான், பெண்கள் வார்டில் அவள். எழுபது வயசுக்காரன் நான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தேன். நோயைத் தாங்கப் பழகிய உடல் நான்காம் நாள் போய்விட்டது. நான் பக்கத்தில்கூட இல்லை. டாக்டரிடம் உங்கள் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். அந்த டாக்டர் பெண் என் தோளைத் தொட்டு, "சாரி அங்கிள்" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். பழகியவள் போய்விட்டாள், ஒன்றும் பழகாதவன் இருக்கிறேன். சோறு ஆக்கும் ரைஸ் குக்கரில் உள்சட்டியை வைக்காமல் அரிசியையும் தண்ணீரையும் நேரே கொட்டி, அது பட்டென்று வெடித்து, கரண்ட் போய், எந்த சுவிட்ச் என்று நான் எழுதிய நோட்டை நானே தேடிப் பார்த்தேன். துணி மெஷினில் பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றியதில் நுரை வாசலுக்கு வந்துவிட்டது. பூச்சோங்கில் இருக்கும் என் மகள் விவியன், "யூடியூப்ல பாருங்கப்பா, ஈஸிதான்" என்றாள். பார்த்தேன். 'தேவையான அளவு தண்ணீர்' என்கிறார்கள். தேவையான அளவு தெரிந்தவள் இல்லாததால்தானே, ஐயா, நான் யூடியூப் பார்க்கிறேன். பாசாரில் மீன்காரர் வேறு, "அங்கிள், ஆன்டி வரலையா?" என்றார். "இன்னிக்கு வரல" என்றேன். போய்விட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் வாராவாரம் அவர், "ஆன்டிக்குப் புடிக்கும்" என்று வால் துண்டாகவே கட்டிக் கொடுக்கிறார், நானும் வாங்கி வருகிறேன்.

ஆகையால் வரும் ஞாயிறே ஒரு திருத்தம் வெளியிடவும்: 'பெண்கள் நெடுநாள் வாழ்வார்கள், பிரிக்பீல்ட்ஸ் கெர்ட்ரூடைத் தவிர.' ஆனால் ஆண்களின் கைப்பிடி பலத்தைப் பற்றி எழுதியதைத் தொடவே வேண்டாம். அது நூற்றுக்கு நூறு உண்மை. முப்பத்தாறு வருஷம் ஊறுகாய், ஜாம், சம்பால் என்று எந்தப் போத்தலானாலும், "என்னாங்க, இதக் கொஞ்சம் தொறந்து குடுங்க" என்று என்னிடம்தான் வருவாள். அந்த அடுப்படியில் நான் பார்த்த ஒரே வேலை அது. என்னால் ஆகாத மூடி ஒன்றுகூட இருந்ததில்லை.

தங்கள் வீட்டுப் பெண்களாவது கட்டுரையில் உள்ளபடியே நீண்ட ஆயுளோடு இருக்க மாதாவை மன்றாடும்,

மாரிஸ்

பி.கு.: முகவரி எழுதத் தாள் வேண்டி அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். பின்னாலிருந்து கெர்ட்ரூட் எழுதி வைத்திருக்கிறாள், எனக்கு. 'ஒருவேள நான் முந்திட்டா' என்று மேலே போட்டிருக்கிறாள். 'அரிசி ஒரு கப்புக்குத் தண்ணி ஒன்னர கப்பு, உள்சட்டிய மறக்காதீங்க. துணிக்கு நீல டப்பா. போத்தல் மூடி இறுகிட்டா சுடுதண்ணில ஒரு நிமிஷம் கவுத்துப் புடிங்க, லேசா வந்துரும். நீங்க வேலைக்குப் போன காலத்துல நான் அப்படித்தான் தொறப்பேன்.'

எனவே, ஐயா, திருத்தம் எதுவும் போட வேண்டாம். கேள்வி பதில் பகுதியில் இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். சுடுதண்ணீர் தெரிந்தவள், நான் வீட்டில் இருக்கும்போதெல்லாம் போத்தலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாளே, அதற்கு ஆதிகாலத்துக் காரணம் ஏதாவது உண்டா?