கடைசிப் படத்தில் ஜெயிப்பவர்

ஜெயிப்பவர்கள் உண்டு, தோற்பவர்கள் உண்டு, இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. படத்தில் ஜெயிப்பவர்கள். செய்த வேலை நிலைத்ததா, நாலு நாள் தாங்கியதா என்பதெல்லாம் இவர்களுக்கு இரண்டாம்பட்சம். முடித்த நொடியில் எடுத்த படம் பளிச்சென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். சமையலறைக் குழாயில் சொட்டு நின்றதும் போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். "மறுபடி சொட்டுதுங்க" என்று மனைவி கூப்பிட்டால் பதில் தயார்: "அது மறுபடி. முதல்ல நின்னுதா இல்லையா?"

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈய அங்கிக்குள் இருக்கிறார். கத்தி எடுக்காத டாக்டர். ஊசி நுழையும் ஓட்டை வழியாகக் கம்பியை விட்டு, திரையைப் பார்த்தபடியே ரத்தக் குழாயின் அடைப்பை எடுப்பார். குளியலறைச் சாக்கடையிலிருந்து முடிக்கற்றையை உருவுவதுபோல ரத்தக் கட்டியை உருவிவிடுவார். கைராசியில் குறை சொல்ல முடியாது. கூடவே ஆராய்ச்சியும் உண்டு. டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்து ஒரு வழி அமைக்கிறார்கள் அல்லவா, அந்த வழி அடைத்தால் கட்டியை உடைப்பது மேலா, மருந்தால் கரைப்பது மேலா, குழாய்க்குள் வெறும் பலூனை ஊதி விரித்தால் போதுமா, மருந்து பூசிய பலூன் வேண்டுமா என்று வருடக்கணக்கில் பார்த்துவருகிறார்.

அந்த ஆராய்ச்சியில் ஓர் அம்மா சேர்ந்தார். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடது கையில் போட்ட வழி எப்போதோ போய்விட்டது. மிச்சம் வலது கை. அதுவும் போனால் கழுத்தில் குழாய் தொங்க வேண்டும். அதை நினைத்தாலே அவருக்குத் தூக்கம் வராது. கூட வருவது ஒரே மகள், லிஃப்ட்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் பொறியாளர். சிகிச்சை அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்ப்பாள், அதிகம் பேசமாட்டாள்.

வேலை முடிந்ததும் ஒரு சடங்கு நடக்கும். சாயம் பாய்ச்சுவார்கள். திரையில் குழாய்கள் கருகருவென்று ஓடி விரியும். டாக்டர் ஓரடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து, "அழகு" என்பார். அப்புறம் போனை எடுத்துத் திரையை ஒரு படம். அதற்கு முன்னால் நர்ஸ் எதையும் தொடமாட்டார்.

"பாத்தீங்களாம்மா? நெடுஞ்சாலை மாதிரி ஓடுது."

"லைன் கிடைச்சா போதாது தம்பி," என்பார் அம்மா, படுத்தபடியே. "மறுமுனைல யாராவது பேசணும்."

நெடுஞ்சாலை கொஞ்ச நாளில் அடைக்கும். மறுபடி கீழ்த்தளம், மறுபடி கம்பி, மறுபடி "அழகு". தோல்வியா? சேச்சே. முதல் தடவை திறந்து நின்றது முதல்நிலை வெற்றி. அடைக்கிறாற்போல் இருக்கும்போதே ஒரு கை கொடுத்துக் காப்பாற்றினால் உதவியோடு கூடிய வெற்றி. முழுக்க அடைத்து, திரும்பத் திறந்தால் இரண்டாம்நிலை வெற்றி. தோல்விக்கு ஒரே ஒரு பெயர்தான், அதையும் லேசில் எடுக்கமாட்டார்கள். மாடிகளுக்கு நடுவே நின்று நின்று ஓடும் லிஃப்டுக்கு மகளின் தொழிலிலும் ஒரு பெயர் இருக்கிறது. பெரியவர்கள் முன்னால் சொல்ல முடியாது.

அம்மா ஒருநாள் கேட்டார்: "தம்பி, டயாலிசிஸுக்கு வர்றதைக் கணக்குல சேக்காதீங்க. இந்தக் கைக்காக ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காம தொடர்ந்து ஒரு மாசம் வீட்ல இருந்தேனான்னு உங்க ஆராய்ச்சில எங்கயாவது வருமா?"

"அதை நாங்க அளக்கறதில்லைம்மா."

"சரி, அளக்காட்டிப் போகுது. அந்த ஒரு மாசத்தைக் குடுங்க."

அவர் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

அந்த ஒரு மாதம் கிடைக்கவில்லை. ஒரு மத்தியானம், வீட்டில், சாப்பிட்டுச் சாய்ந்தவருக்கு இதயம் நின்றுபோயிற்று. கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிரிக்காத மருந்துகளையும் கட்டுத்துணிகளையும் டயாலிசிஸ் பிரிவில் கொடுத்துவிட்டுப் போக மகள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டர் தாழ்வாரத்தில் பார்த்துவிட்டு அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார். மனதார வருத்தப்பட்டார். அதுவும் பொய்யில்லை. ஆனால் இனம் இனம்தானே.

"ஒண்ணு மட்டும் சொல்லணும். கை கடைசிவரைக்கும் ஓடிச்சும்மா. அதுல ஒரு குறையும் இல்லை."

கணினியைத் திருப்பினார். இடமிருந்து வலமாகப் படிப்படியாக இறங்கும் ஒரு கோடு.

"இது இரண்டாம்நிலை வெற்றி. ஒரு கையை இனி முடியாதுன்னு விடும்போதெல்லாம் கோடு ஒரு படி இறங்கும். நடுவுல சின்னச் சின்னக் கீறல் தெரியுதா? வழி திறந்திருக்கும்போதே ஆய்வை விட்டுப் போனவங்க. இதோ, அம்மா."

"போனவங்கன்னா?"

"வேற ஊருக்குப் போனவங்க, வேற ஆஸ்பத்திரிக்கு மாறினவங்க. அப்புறம், இந்த மாதிரி."

"அம்மா போனதால கோடு இறங்கலை."

"இறங்கலை." குரலில் லேசான பெருமை.

"இருந்திருந்தா?"

டாக்டர் யோசித்தார். யோசிக்கத் தெரிந்தவர்தான். "சொல்ல முடியாது. கையை விடவேண்டி வந்திருக்கலாம்."

"அப்ப உங்களுக்கு நல்லது பண்ணிட்டுத்தான் போயிருக்காங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பவும் கழற்றினார்.

"அம்மா ஒண்ணு கேட்டாங்களே, வீட்ல இருந்த நாள். அது?"

"கட்டுரை முடியற இடத்துல 'இந்த ஆய்வின் குறைகள்'னு ஒரு பத்தி வரும்," என்றார் மெதுவாக. "அதுல ஒரு வரி சேத்துடறேன்மா."

இவரால் கொடுக்க முடிந்த பெரிய மரியாதை அதுதான் என்பது மகளுக்குப் புரிந்தது. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா இருந்திருந்தால் இதை ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். டாக்டர் முகத்தில் நிம்மதி. அந்தச் சிரிப்பையும் ஏதோ ஒரு நிலை வெற்றியில் சேர்த்திருப்பார்.

வெளியே வந்தபோது போன். தூரத்தில் இருக்கும் அத்தை, காரியத்துக்கு வர முடியாமல் போனவர்.

"எல்லாம் எப்படிம்மா நடந்துது?"

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது அத்தை."

"நீ எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன்."

போனை வைத்தபிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். தள்ளுவண்டிக்காரர் ஒருவர் சத்தம் போடாமல் சுற்றிக்கொண்டு போனார்.

நீங்கள் ஏன் தலையாட்டுகிறீர்கள்? போன வாரம் நோயில் கிடக்கும் ஒருவரைப் பார்க்கப் போனீர்கள். பழம் வைத்தீர்கள், "முகம் இப்ப எவ்வளவு தெளிஞ்சிருக்கு" என்றீர்கள், அவர் சிரித்ததும் அதையே மனதில் பிடித்துக்கொண்டு வண்டியை எடுத்தீர்கள். மறுநாள் போனீர்களா? இங்கே யாரும் கேட்கப்போவதில்லை. வாசலைப் பார்த்தபடி படுத்திருக்கிறாரே, அவர் கேட்டால் என்ன சொல்வதென்று மட்டும் யோசித்து வையுங்கள்.