ஆரோ அண்ணன் ஒட்டாத அம்பு

பரலோகத்துக்கே போனாலும் ஆரோ அண்ணன் நேரே உள்ளே போக மாட்டார். வாசலில் நிற்கும் தேவதூதரை நிறுத்தி, காலில் இருக்கும் செருப்பைக் கழற்றச் சொல்லி, திருப்பிப் பார்த்து, "இன்னா சார், இங்க ஒரு தையல் வுட்டுப்போச்சே" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார். ஆம்பூர் வட்டாரத்தில் அவரளவுக்குக் குறை கண்டுபிடிக்கத் தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. அவரளவுக்கு என் உயிரை வாங்கிய மனிதரையும் பார்த்ததில்லை.

ஞானஸ்நானப் பெயர் ஆரோக்கியசாமி. ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் ஷூக்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே பிசகு இருக்கிறதோ அந்த இடத்தைக் காட்டிச் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். அம்பு ஒட்டிய ஷூ தைத்தவர்களிடமே திரும்பிப் போகும், சரியாகி வரும். அதற்குப் பெயர் ரீவொர்க். சரியாக்கவே முடியாத ஷூவுக்கு அம்பு கிடையாது. கத்தியால் ஒரு கீறல் போட்டு ஓரமாக வீசிவிடுவார்கள். அது ரிஜெக்ட். அம்புக்குக் கம்பெனி இங்கிலீஷில் ஆரோ. அதை ஒட்டுகிறவர் பெயரும் ஆரோவில் ஆரம்பித்தால் சும்மா விடுவார்களா? இப்போது ரேஷன் கடையில் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவு. அது போதாதென்று எதிர் வீடு வேறு. தப்பிக்க வழியே இல்லாமல் ஆண்டவன் என்னை அவரோடு சேர்த்துத் தைத்துவிட்டான்.

கம்பெனி கேட்டைத் தாண்டினால் செக்கிங் வேலை முடிந்துவிட வேண்டும் அல்லவா? அவருக்கு முடியாது. அம்புச் சுருள் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். ஹோட்டலில் கருகிய பரோட்டா வந்தால் தட்டு ஓரத்தில் கருகலைக் காட்டி ஓர் அம்பு. "மாஸ்டர் கிட்ட அப்டியே கொண்டுபோய்க் காட்டு. அவரு பாத்தாலே புரிஞ்சுக்குவாரு" என்பார். மாஸ்டருக்குப் புரிந்தது என்னவென்றால், நாங்கள் இருவரும் இனி அந்தப் பக்கம் வரக்கூடாது என்பதுதான்.

மாதனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மேடையேறி மாப்பிள்ளைக்குக் கை கொடுத்துவிட்டு இறங்கினார். ஆல்பம் வந்தபோதுதான் தெரிந்தது. எங்களுக்குப் பிறகு எடுத்த எல்லாப் படத்திலும் மாப்பிள்ளையின் கோட்டில் ஒரு சிவப்பு அம்பு, பொத்தான் இல்லாத இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. பெண் வீட்டார் அதை ஏதோ மாப்பிள்ளை வீட்டுச் சம்பிரதாயம் என்று நினைத்துச் சும்மா இருந்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்குப் புது பெயின்ட் அடித்த அன்று காபி குடிக்க வந்தார். அவர் போன பிறகு பார்த்தால் சுவரில், ஜன்னலில், கதவுக் கீலில், சமையலறைக் குழாயில் எல்லாம் அம்பு. என் மனைவி கொதித்துப் போய்விட்டாள். "வூட்ட பாக்க வந்தாரா, இல்ல ஏலம் எடுக்க வந்தாரா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குழாய் ஒழுகுவதை அதுவரை நாங்கள் இருவருமே கவனித்ததில்லை என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கண்ணையும் காதையும் இறுக்கி மூடிக்கொள்வார். அது அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா. சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவள், காலேஜில் முதல் வருஷம். நல்ல குரல், சந்தேகமே இல்லை. ஆனால் சரணத்தில் குரல் மேலே ஏறும் இடத்தில் மூச்சு பத்தாமல் கொஞ்சம் இறங்கிவிடும். பாட்டென்றால் குளியலறையோடு சரி என்றிருக்கும் எனக்கே அது கேட்கும். ஸ்டெல்லாவுக்கும் தெரியும். பாடி முடித்ததும் ஓடிவந்து கேட்பாள்.

"பா, அந்த மேல போற எடம் சரியா வருதா?"

"ஓகே பீஸ்மா. ஏ கிரேடு."

"நல்லா கேட்டுட்டு சொல்லுபா."

"கேக்கறதுக்கு இன்னா இருக்குது? அப்டியே பாக்ஸ்ல போட்டு அனுப்பலாம்."

நான் ஒருமுறை அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, அந்த எடத்துல கொஞ்சம் கம்மியா கேக்குதே" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காத டாக்டர் கிட்ட காட்டுப்பா" என்றார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் டிவிக்காரர்களின் பாட்டுப் போட்டிக்கு ஸ்டெல்லா தேர்வானாள். அதோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஷூட்டிங் சென்னையில். "துணைக்கு நீ வா தம்பி" என்று சொன்னார். துணை என்றால் ஃபிளாஸ்க், மிளகு டப்பா, மஃப்ளர், ஆவி பிடிக்கும் சட்டி எல்லாவற்றையும் தூக்குகிறவன் என்று அர்த்தம்.

நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் அந்தப் பெண் கழுத்தில் மஃப்ளரோடு ரயிலில் உட்கார்ந்து வருவாள். காற்று தொண்டைக்கு ஆகாதாம், ஜன்னல் மூடியிருக்கும். பெட்டியில் இருக்கிறவர்களெல்லாம் வெந்துகொண்டிருப்போம். எதிர் சீட்டில் ஒருவர் ஐஸ்கிரீம் வாங்கினால் ஆரோ அண்ணன், "சார், அந்தாண்ட திரும்பி துண்ணுங்க, குளிர்ச்சி இங்க வருது" என்பார். வீட்டிலோ அதைவிட மோசம். தோல் வாடையும் கம்பெனிப் பசை வாடையும் மகளின் தொண்டையைக் கெடுத்துவிடும் என்று, வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே சட்டையைக் கழற்றி, கொல்லைப்புறம் சுற்றிப் போய்க் குளித்துவிட்டுத்தான் அவள் முகத்தையே பார்ப்பார். அந்தப் பெண் "பா, எனக்கு உன் வாட புடிக்கும்பா" என்று சொல்லியும் கேட்கவில்லை.

ஸ்டூடியோவில் ஆம்பூர் என்று சொன்னாலே எல்லாரும் நிமிர்ந்து, "பிரியாணி எங்க?" என்பார்கள். இவர் டப்பாவைத் திறந்து மிளகு ரசம் சாதத்தைக் காட்டுவார். அந்த நிமிஷமே எங்களுக்கு அங்கிருந்த மரியாதை பாதியாகக் குறைந்துவிட்டது.

அங்கே குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா வருவார். வீட்டில் பவர்லூம் போட்டு லுங்கி நெய்கிற குடும்பம். அவர் மகள் கோமதியும் போட்டியில் இருந்தாள். அந்த அம்மா பெற்ற மகளென்று பார்க்க மாட்டார். பாடி முடித்ததும் எல்லார் முன்னாலும், "ரெண்டாவது அடில நூலு அறுந்துச்சு பாரு. கட்டிட்டு மறுபடி ஓட்டு" என்பார். கோமதி முகத்தைச் சுளித்துக்கொண்டே மறுபடி பாடுவாள்.

ஆரோ அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. "ஏம்மா, பெத்த பொண்ணயா இப்டி பேஜார் பண்ணுவ? கொழந்த மனசு ஒடஞ்சுடாது?"

"நான் இங்க சொல்லலைன்னா அவங்க அங்க சொல்லுவாங்கண்ணா. அங்க சொன்னா ஊரே கேக்கும்" என்றார் அந்த அம்மா.

"அவங்க சொன்னா நான் வுட்டுடுவனா?" என்றார் இவர். வாய்ப்பேச்சு என்றுதான் நானும் நினைத்தேன். மிளகு டப்பாவை வைத்திருந்த எனக்குக் கொஞ்சமாவது புத்தி இருந்திருந்தால் அன்றைக்கே அந்த அம்புச் சுருளைப் பிடுங்கி வைத்திருப்பேன்.

அடுத்து வந்த சுற்றில் ஸ்டெல்லா நன்றாகத்தான் பாடினாள். சரணம் வந்தது. அந்த இடமும் வந்தது. அங்கே வழக்கம்போல இறங்கியது. நடுவராக இருந்த பாடகியம்மா கோபப்படவில்லை. "எல்லாம் அழகா இருந்ததும்மா. அந்த ஒரு எடத்துல மட்டும் மூச்சு பத்தாம சுருதி எறங்குது. அந்த வரிய மட்டும் இப்ப இன்னொரு தடவ பாடிக் காட்டு. சரியா வந்துச்சுன்னா அடுத்த சுத்து" என்றார்.

ஸ்டெல்லா தலையாட்டினாள். மஃப்ளரைக் கழற்றிவிட்டு மூச்சை இழுத்து, மைக்கை வாயருகே கொண்டு போனாள். அவள் கண்ணில் பயமே இல்லை. அன்றைக்கு அது அவளுக்கு வந்திருக்கும் என்று இன்று வரை நான் நம்புகிறேன்.

பக்கத்து நாற்காலி காலியாகியிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஆரோ அண்ணன் மேடையில் நிற்கிறார்.

"இன்னா மேடம் பேசுறீங்க? சுருதி எறங்குதா? என் பொண்ணு ஏ கிரேடு மேடம்! ஏ கிரேடு!" கை தானாகப் பைக்குள் போனது. ஓர் அம்பை உரித்து நடுவரின் மேஜையில், முனை அந்தப் பாடகியம்மாவைப் பார்க்கும்படி ஒட்டினார். "டிஃபெக்ட்டு இங்க இருக்குது!"

"சார், நான் இன்னும் முடிக்கவே…" என்றார் நடுவர்.

"நீ வாம்மா. நம்மள ரிஜெக்ட் பண்ண இவங்க யாரு?" என்று மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஸ்டெல்லா கையில் மைக் அப்படியே இருந்தது. படிக்கட்டில் நின்றிருந்த ஸ்டூடியோ ஆள் அதை மெதுவாக வாங்கிக்கொண்டார். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், போட்டி முடிந்தது.

டிவிக்காரர்கள் விடுவார்களா? இடி முழக்கத்தோடு, அம்பு ஒட்டுவதை மட்டும் திரும்பத் திரும்ப மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். அடுத்த வாரம் எங்கள் கம்பெனி பஸ்ஸில் எல்லார் போனிலும் "ஏ கிரேடு மேடம்!" என்றுதான் மணி அடித்தது. யாரோ அவர் முகத்தோடு படம் போட்டு 'ஆரோ அங்கிள்' என்று ஊரெல்லாம் அனுப்பினார்கள். அவர் அதற்கெல்லாம் அசரவில்லை. அவரை உடைத்தது வீடுதான்.

ஸ்டெல்லா சண்டை போடவில்லை, அழவில்லை. பாடவுமில்லை. சர்ச்சில் பாடகர் குழுவை விட்டுவிட்டுப் பின் வரிசையில் போய் உட்கார்ந்தாள். பாத்திரம் கழுவும்போதுகூட ஒரு முனகல் கிடையாது. எதிர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு எப்போதும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்று போனதில், எனக்கே எதையோ தொலைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

ஒருநாள் பேக்கிங்கில் பெட்டியைத் திறந்தேன். ஷூவின் ஓரத்தில் தையல் பிரிந்து நூல் தொங்குகிறது. அம்பு இல்லை. அவர் கை பட்டு வந்த ஷூவில் நான் பார்த்த முதல் குறை அதுதான். எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"அண்ணா, இத பாக்கலியா?"

"பாத்தேன்பா."

"அம்பு ஒட்டலியே?"

"கை வர்ல. போவட்டும் வுடு. எவனாவது போட்டுக்கினு நடக்கட்டும்."

சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். நானே ஓர் அம்பை எடுத்து ஒட்டினேன். அதுவும் கோணலாகப் போனது. அதைக்கூட அவர் சரி செய்யவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி கொடுத்த பாத்திரத்தைத் திருப்பித் தர ஸ்டெல்லா வந்தாள். பின்னாலேயே அவரும் வந்து, உள்ளே வராமல் வாசலில் நின்றார். நான் ஏதாவது பேச வேண்டுமே என்று, "வுடும்மா, அந்தம்மா ரிஜெக்ட் பண்ணா இன்னா, வேற போட்டியே இல்லியா?" என்றேன்.

ஸ்டெல்லா என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அவங்க ரிஜெக்ட் பண்ல மாமா. ரீவொர்க் குடுத்தாங்க. டெய்லி அம்பு ஒட்றவருக்கு அது தெரியல."

ஆரோ அண்ணனின் முகம் சுருங்கிப் போனது.

"எத்தினி தடவ உன்ன கேட்டேன்பா, எங்க தப்புனு? ஊர்ல இருக்கற பரோட்டாவுக்கெல்லாம் அம்பு ஒட்டுன. எனக்கு மட்டும் ஏன் ஒட்டல? சரி பண்ணவே முடியாத பீசுக்குத்தான அம்பு ஒட்ட மாட்டாங்க? நான் அதானா?"

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். வாசலில் நின்ற மனிதர் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். பிறகு, "ஐயோ, அப்டி இல்லம்மா" என்றார். "எனக்குக் கேக்கும்மா அந்த எடம். நீ சின்னப் பொண்ணா சர்ச்சுல பாடுன நாள்லேர்ந்து கேக்குது. சொன்னா உன் மூஞ்சி வாடிப் பூடுமேன்னு… எனக்கு அத பாக்க தைரியம் இல்லம்மா." சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

ஸ்டெல்லா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கையை நீட்டினாள்.

"பாடறேன். ஒட்டு."

பாடினாள். இத்தனை நாள் பாடாததில் குரல் கரகரத்தது. சரணம் வந்தது, அந்த இடம் வந்தது, இறங்கியது. அவர் பைக்குள் கையை விட்டார். ஓர் அம்பை உரிக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆனதை நான் பார்த்ததே இல்லை. அதை அவள் மணிக்கட்டில் ஒட்டினார். அவள் அதைப் பார்த்தாள். முகம் வாடத்தான் செய்தது. ஆனால் மூச்சை இழுத்து மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி இறங்கியது, மறுபடி ஓர் அம்பு. பொழுது சாயும்போது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் அவள் கை சிவப்பாக இருந்தது.

டிவியில் அந்தப் பாட்டை வேறு யாரோ பாடிப் பரிசு வாங்கினார்கள். ஸ்டெல்லா இனி அந்தப் பக்கம் போகப் போவதில்லை. உண்மையைச் சொன்னால், அந்த இடம் இன்னும் சரியாகவும் இல்லை. எதிர் வீட்டில் தினமும் சாயங்காலம் அது இறங்குகிறது, பாட்டு நிற்கிறது, ஒரு ஸ்டிக்கர் உரிக்கிற நேரம் கழிகிறது, மறுபடி தொடங்குகிறது. ஆரோ அண்ணன் இப்போதெல்லாம் கொல்லைப்புறம் சுற்றிப் போவதில்லை. தோல் வாடையோடு நேரே உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறார்.

இந்தக் கட்டுரை அச்சாகி வந்ததும் அவரிடம்தான் முதலில் கொண்டு போய்க் கொடுக்கப் போகிறேன். வரிக்கு வரி அம்பு ஒட்டுவார், தெரியும். ஒட்டட்டும். ஒன்றுகூட ஒட்டாமல் "ஓகே பீஸ்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டால்தான் எனக்கு அழுகை வரும்.