இனி அந்தச் சோபாவில் படுக்கமாட்டேன்

புவெனஸ் அயர்ஸ்
பிப்ரவரிக் கடைசி

அன்பும் மரியாதையும், இந்த முறை கொஞ்சம் கோபமும் கலந்து சுலேமா அக்காவுக்குத் தம்பி அனிபால் எழுதுவது. இங்கே நான், எலிதா, பாஸ்தா கடை மூவரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே கோர்தோபா மலைக்காற்றில் உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், அத்தான் வழக்கம்போல நீ சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு சௌக்கியமாக இருப்பார் என்றும் நம்புகிறேன். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம்.

நலம் விசாரித்தாயிற்று, இனி சண்டைக்கு வருகிறேன். "மனசு டாக்டரிடம் ஒழுங்காகப் போகிறாயா?" என்று கேட்டு எழுதியிருந்தாய். போகவில்லை. போகப்போவதும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது எலிதாவின் காதில் ஓதிவிட்டுப் போனது நீதான் என்பது எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? நானும் அவளும் மேஜையில் பேசாமல் உட்கார்ந்திருந்ததை நீ பார்த்தாய், சரி. ஏன் பேசவில்லை என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன், அது வேறு விஷயம். இப்போது சொல்கிறேன். நவம்பரில் ஒருநாள் காலை, கல்யாணம் ஆன நாளிலிருந்து செய்வதுபோல, மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றி அவளிடம் குடுவையை நீட்டினேன். ஒரு உறிஞ்சு உறிஞ்சித் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "நன்றி" என்றாள். மாத்தேயைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றி என்றால் 'போதும், இனி எனக்கு ஊற்றாதே' என்று அர்த்தம், அது இந்த நாட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இத்தனை வருஷத்தில் முதல் குடுவையோடு அவள் அப்படிச் சொன்னதே இல்லை. மறுநாளும் நன்றி. அதற்கு அடுத்த நாள் நான் நீட்டவே இல்லை. என் கை போதும், என் முகம் போதும், நானே போதும் என்று சொல்கிறாள் என்று எனக்குப் பட்டது. அதற்கு மேல் என்ன பேச்சு?

நீ ஊருக்குப் போன மறுநாளே எலிதா இடுப்பில் கைவைத்து நின்றாள். "இதோ பாரு அனிபால், சுவத்தோட குடும்பம் நடத்த என்னால முடியாது. மார்ச்சுக்குள்ள நீ வாயத் தொறக்கணும். இல்லேன்னா மார் தெல் பிளாத்தாவுல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல." அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரிந்தது. அவளுக்கு என்ன, கல்யாண வாழ்க்கையில் பாதிக்காலம் ஒரு மனசு டாக்டர் அம்மாளிடம் போய்க்கொண்டிருக்கிறாள். இந்த ஊரில் போகாதவன் நான் ஒருவன்தான். மீசை இல்லாதவனைப் பார்த்துச் சிரிப்பதுபோல என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதையும் பெருமையாகத்தான் வைத்திருந்தேன். ஆனாலும் எலிதா இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன், பார்த்துவிட்டு ஒரு மனசு டாக்டரிடம் போனேன்.

டாக்டர் ஸ்லாவ்ஸ்கியின் கட்டடத்தில் வாசல்மணிப் பலகை முழுக்க மனசு டாக்டர்கள்தான், நடுவில் ஒரேயொரு பல் டாக்டர் அனாதையாக இருந்தார். ஸ்லாவ்ஸ்கி என்னைச் சோபாவில் படுக்கச் சொல்லிவிட்டு, கண்ணில் படாமல் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். சவரக்கடைக்காரர் கூட கண்ணாடியில் முகம் காட்டுவார், அக்கா.

"சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"மனசுல வர்றத."

ஜனவரிக் கோடை வெயிலில் என் மனதில் வந்தது ரிக்கோட்டா பாலாடைக்கட்டி. அதைச் சொன்னேன். ஈரம் போக வடிகட்டவில்லை என்றால் ரவியோலி மாவுப்பொட்டலத்துக்குள் தண்ணீர் நிற்கும், கொதிக்கும்போது வெடித்துவிடும் என்றேன்.

"எது வெடிக்கும்?"

"ரவியோலி, டாக்டர்."

"ம்ம்ம். இதோட நிறுத்திக்குவோம்."

"டாக்டர், இன்னும் தண்ணியே கொதிக்கலையே!"

எழுந்து கதவைத் திறந்துவிட்டார். சோபா சூடாகக்கூட இல்லை. பேச்சை எந்த இடத்தில் வெட்டுகிறாரோ அந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறதாம், எலிதா விளக்கினாள். நான் நடந்ததைச் சொன்னதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, வெடிச்சிடும்னு உன் வாயாலயே சொல்லியிருக்க!" "நான் பாலாடைக்கட்டியச் சொன்னேன்!" "எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க," என்று என் தோளைத் தட்டினாள்.

விஷயம் எப்படித்தான் தெருவுக்குப் போனதோ. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், கையில் மாவோடு நான் அல்லாடும்போது, மூன்றாம் மாடி பெர்லா கேட்கிறாள்: "அனிபால், உங்க அம்மாவும் ரவியோலி செய்வாங்களோ?"

"பெர்லா, எல்லாரோட அம்மாவும் ரவியோலி செய்வாங்க."

வரிசை முழுக்க ஒரே குரலில், "ஆஆ!" என்றது. பின்னால் நின்ற ஒருவர் தன் மனைவியிடம் "மறுக்குறான்" என்று கிசுகிசுத்தது எனக்கே கேட்டது. அன்றைக்கே கடையில் பலகை மாட்டினேன்: 'மாவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எனக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடாது.' அதையும் படம் பிடித்துத் தன் டாக்டரிடம் காட்டியிருக்கிறாள் பெர்லா.

இப்படியே ஜனவரி ஓடியது. கடைசி வியாழக்கிழமை, வேறு பேச்சுக் கிடைக்காமல், அந்த நன்றிக் கதையை டாக்டரிடம் சொல்லித் தொலைத்தேன். முதல்முறையாகத் தலைமாட்டில் நாற்காலி கிரீச்சிட்டது. "அந்த நன்றிக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?" என்று கேட்டார். "ஒண்ணும் சொல்லல" என்றேன். இன்னும் என்னவோ வரப்போகிறது என்று எனக்கே தெரிந்தது.

"இதோட நிறுத்திக்குவோம். மார்ச்சுல பாக்கலாம்."

"மார்ச்சா? என் பொண்டாட்டி மார்ச்சுல போயிடுவா, டாக்டர்!"

"அத மார்ச்சுல பேசுவோம்."

உனக்குத் தெரியாததா, பிப்ரவரி பிறந்தால் இந்த ஊர் மனசு டாக்டர்கள் அத்தனை பேரும் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். ஊரே அனாதையாக நிற்கும். பெர்லா வரிசையில் நின்று அழுதாள். வாடகைக்கார் ஓட்டுநர்கள் சவாரிக்காரர்களிடம் கனவு சொன்னார்கள். எலிதாவின் டாக்டரம்மாளும் போய்விட்டாள். எலிதாவும் நானும் ஒரே வீட்டில், வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டதுபோல இருந்தோம்.

அப்புறம் ஒரு பகலில் மின்சாரம் போயிற்று. தெரு முழுக்க. கடையில் குளிர்பெட்டி சூடாகத் தொடங்கியது. உள்ளே அவ்வளவு பாஸ்தா, இன்றைக்கே வேகவைத்தாக வேண்டும். எலிதா தானே வந்து சமையல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். நான் கொதிக்கவைக்க, அவள் வடிக்க, அக்கம்பக்கத்தார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நடைபாதையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆவி, வேர்வை, வெயில். எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த நன்றிக்கு என்னதான் அர்த்தம்?" என்று கத்திவிட்டேன்.

"எந்த நன்றி?"

"நவம்பர்ல! மாத்தேய வாங்கி, ஒரு வாய் குடிச்சிட்டு, நன்றின்னியே!"

எலிதா சல்லடையோடு என் பக்கம் திரும்பினாள். "அட மடையா, எனக்கு வயித்துப்புண்ணு! மாத்தேயத் தொடாதேன்னு டாக்டர் சொன்னாரு!"

"எந்த டாக்டர்?"

"வயித்து டாக்டர்!"

"ஏன் சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

"பயம்! கேட்டா, ஆமா உன்ன விட்டுப் போறேன்னு சொல்லிடுவியோன்னு பயம்! நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன்?"

நடைபாதையில் ஒரு முள்கரண்டி கூட அசையவில்லை. பெர்லா மட்டும் வாயைத் திறந்தாள்: "இதோட நிறுத்திக்குவோமா?"

"யாரும் நிறுத்த வேணாம்!" என்று எலிதா சல்லடையை ஆட்டினாள். "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கான், பேசட்டும்!" அப்புறம் அழுதாள். நானும் அழுதேன். அன்றைக்கே தங்கைக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டாள். இப்போது காலையில் அவளுக்கு என் கையால் கெமோமில் பூக்கஷாயம். அதற்கு அவள் நன்றி சொல்வதில்லை, "சர்க்கரை போதல" என்கிறாள். கேட்கவே சுகமாக இருக்கிறது.

ஆக, அக்கா, நியாயத்தை நீயே சொல். என்னைப் பேசவைத்தது யார்? கடற்கரையில் எண்ணெய் பூசிப் படுத்திருந்த ஸ்லாவ்ஸ்கியா? மின்சாரம் தராத கம்பெனிதான். அதற்காக அவர்களுக்கு ஒரு கும்பிடு போடுகிறேன். இனி என் மனதை எந்த டாக்டரும் தோண்ட வேண்டாம். நீ எழுதினாலும் சரி, எலிதா முறைத்தாலும் சரி, வரிசையே கூடி நின்று 'ஆஆ' என்றாலும் சரி, அந்தச் சோபாவில் இனி என் முதுகு படாது. மார்ச் முதல் வியாழன் நேரில் போய், நின்றுகொண்டே, இதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வருவேன்.

உன் முழங்காலுக்குப் பலத்தையும் அத்தானின் பொறுமைக்கு நீண்ட ஆயுளையும் லூகான் மாதா தரட்டும். எலிதா முத்தங்கள் அனுப்புகிறாள்.

என்றும் உன் சொல் பேச்சுக் கேளாத தம்பி,
அனிபால்

பின்குறிப்பு: தபாலில் சேர்க்க மறந்து, கடிதம் மாவுடப்பாவுக்குப் பின்னால் கிடந்துவிட்டது. இதற்குள் ஏப்ரல் வந்துவிட்டது. ஸ்லாவ்ஸ்கியிடம் போனேன், இனி வரமாட்டேன் என்றேன். "ஏன்?" என்று கேட்டார். நின்றுகொண்டு சொல்ல முடியாத அளவுக்குக் காரணம் நீளமாக இருந்ததால் படுத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன், இன்னும் முடியவில்லை. ஆகையால் வியாழன் ஐந்து மணிக்குப் போன் செய்யாதே. அதைவிட முக்கியம், எலிதா தன் டாக்டரம்மாளை விட்டுவிட்டாள். "பேசுறதுக்கு இப்ப நீ இருக்கியே" என்கிறாள். எனக்கு இது சரியாகப் படவில்லை. எதையோ மறுக்கிறாள். நீ சொன்னால் கேட்பாள், கொஞ்சம் எடுத்துச் சொல், அக்கா.