ஆடும் சதை, ஆடாத புத்தகம்

உலகத்து மார்புகளில் ஒழுங்கான மார்பு எது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம், பாளையங்கோட்டையில் எங்கள் சித்தப்பா டாக்டர் சிவசைலம் பிள்ளை ஒருவருக்குத்தான் இருந்தது. பட்டணத்தில் படித்தவர். சீமையில் அச்சான சரீர சாஸ்திரப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். அதில் படம் போட்டிருந்தால் அந்தச் சதை மனிதனுக்கு உண்டு, போடாவிட்டால் கிடையாது. இவ்வளவு தெளிவான சாஸ்திரம் வேறில்லை.

பனையேறி பிச்சைக்கண்ணு இருமலுக்கு மருந்து கேட்டு மனைவி உலகம்மாளோடு வந்தான். மேல்துண்டை எடுத்ததும் சித்தப்பா திடுக்கிட்டார். நெஞ்செலும்பை ஒட்டி மேலிருந்து கீழாக, விரல் தடிமனில் ஒரு சதைப் பட்டை! புத்தகத்தைப் புரட்டினார். இல்லை.

உடனே 'ஆலோசனைக் கூட்டம்' கூடியது. தலைவர் சித்தப்பா, மற்ற அங்கத்தினர் எல்லாரும் கம்பவுண்டர் தானியேல்.

"புத்தகத்தில் இல்லாதது உடம்பில் இருந்தால் அதற்குப் பெயர் கட்டி. நாளைக் காலையில் மயக்க மருந்து கொடுத்து அறுத்துவிடுவோம்" என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

"பிறந்ததுலேருந்து இருக்குய்யா. வலியே கிடையாது."

"ஏலே, வலிக்காத கட்டிதாம்லே மோசம்!"

உலகம்மாள் குறுக்கே வந்தாள். "கட்டிக்கிட்டவ சொல்லுதேன், அது கட்டி இல்லய்யா. ஏங்க, கையை முறுக்குங்க."

முறுக்கினான். பட்டை துள்ளியது.

"தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்பாக. கட்டி எங்கனயாவது ஆடுமா? இதை அறுத்துப்போட்டா இவுக எப்படிப் பனையை அணைச்சு ஏறுவாக? நாங்க எப்படிக் கஞ்சி குடிக்க?"

"பழமொழி வைத்தியமாகாது! ஒழுங்கான மார்பு எப்படி இருக்கும் தெரியுமா?" என்ற சித்தப்பா, குளிக்கும்போது தவிரக் கழற்றாத கோட்டைக் கழற்றினார். சட்டையையும் கழற்றினார். மார்தட்டிக் கையை முறுக்கினார்.

இடது மார்பில் ஒரு பட்டை துள்ளியது.

தானியேல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஐயா, நாளைக் காலையில மயக்க மருந்து... ரெண்டு பேருக்கா?"

சித்தப்பா பையக் கோட்டை மாட்டிக்கொண்டார். புத்தகத்தை மூடினார். "இது அபூர்வமான அதிகப்படித் தசை. கத்தி பிடிக்கிறவன் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்" என்று புதிய தீர்மானம் போட்டார். பிச்சைக்கண்ணு இருமல் மருந்தோடும் முழு மார்போடும் வீடு திரும்பினான்.

அன்று முதல் சித்தப்பா யாரை அறுப்பதானாலும் முதலில் தம் உடம்பைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார். சாஸ்திரம் இப்படித்தான் வளர்கிறது. இதற்கு முன் அவர் 'வெற்றிகரமாக' அறுத்தெறிந்த கட்டிகளில் எத்தனை ஆடின என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

புத்தகத்தில் இல்லாதது நடந்திருக்காது அல்லவா?