பதினொரு நாடுகளுக்கு ஒரு கை

நூற்று எழுபத்துநான்குக்கு நூற்றாறு.

பேரின்பநாதன் மெசினை உற்றுப் பார்த்தார். பரீட்சையில் பார்த்தெழுதிப் பிடிபட்டவனை வாத்தியார் பார்க்கிற பார்வை. பிறகு கையில் சுற்றியிருந்த பட்டியைக் கழற்றி, ஒரு சிவப்பு ஒட்டியை எடுத்து மெசினின் நெற்றியில் ஒட்டினார்.

"உதுவும் பழுது."

பக்கத்து மேசையில் கணினியோடு இருந்த பற்றிக் தலையைத் தூக்கினான். "அண்ணை, இது ஆறாவது."

பற்றிக் கமரூனில் பிறந்தவன். அந்த ஆராய்ச்சி நிலையத்தின் காணொளிக் கூட்டங்களுக்குப் பொறுப்பு. அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் 'அண்ணை'. மிச்சத்தை இருவரும் பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும் பேசிக்கொள்வார்கள். பேரின்பநாதனின் பிரெஞ்சைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. மொன்றியல் மலைச்சரிவில், ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், இரத்த அழுத்தம் பார்க்கும் மெசின்களைச் சோதிப்பது வேலை. ஆபிரிக்காவில் பதினொரு நாடுகளின் சிகிச்சை நிலையங்கள் ஒன்றுசேர்ந்து இதய வருத்தத்தையும் சீனி வருத்தத்தையும் ஆராய்ந்துகொண்டிருந்தன. கானாவில் நூற்றைம்பது என்றால் மலாவியிலும் அது நூற்றைம்பதாகவே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சேர்ந்து ஆராய்ந்து பயனில்லை. அதனால் எல்லோருக்கும் ஒரே வகை மெசின். அவை முதலில் பேரின்பநாதனிடம் தேறவேண்டும், பிறகுதான் விமானம் ஏறும்.

சோதிக்கிற கருவி தை மாதம் திருத்த வேலைக்குப் போய்விட்டது. இந்த நிலையங்களை இணைக்கும் வலையமைப்பின் தலைவி டாக்டர் சரளா கையைப் பிசைந்தபோது இவர்தான் முன்வந்தார்.

"ஏன் டொக்டர் யோசிக்கிறியள்? என்ர கை கிடக்குதல்லோ."

அதற்குக் காரணம் இருந்தது. நாலு வருடங்களுக்கு முன், வலையமைப்பு தொடங்கிய நாளில், முதல் மெசினை இவர் கையில்தான் கட்டிப் பார்த்தார்கள். நூற்றிருபத்திரண்டுக்கு எழுபத்தெட்டு. "டெக்ஸ்ட்புக் கை சார் உங்களுக்கு" என்று சரளா எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து பேரின்பநாதன் அந்தக் கையைத் தனியாக வைத்துப் பராமரித்தார். வாசலில் பனி தள்ளும்போதுகூட அதற்கு அதிக வேலை கொடுப்பதில்லை. பதினொரு நாடுகளுக்கு அளவு அந்தக் கை.

இப்போது இருபத்துநாலு மெசின்கள் மாத முடிவில் போகவேண்டும். ஆறு சோதித்தார், ஆறும் பழுது.

"பற்றறி சரியில்லைப் போல" என்று எல்லாவற்றுக்கும் புதுப் பற்றறி போட்டார். நூற்று எழுபத்தெட்டு. கதிரை உயரமென்று, ஐந்தாம் மாடிக்குப் படியேறி வேறு கதிரை தூக்கி வந்தார். நூற்றுத் தொண்ணூறு. மனம் அமைதியானால் சரிவருமென்று தேத்தண்ணியும் ஒரு பை உறைப்பு மிக்சரும் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருந்தார். நூற்று எண்பத்திரண்டு.

கடைசியில் பற்றிக்கின் கையில் கட்டினார். நூற்றுப் பதினாறுக்கு எழுபத்துநாலு.

பற்றிக் எண்ணையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பாத்தீரோ?" என்றார் பேரின்பநாதன். "ஆளுக்கு ஆள் மாத்திக் காட்டுது. இதைவிடப் பெரிய பழுது என்ன இருக்கு?"

"அண்ணை, மலாவியில் ஒரு மீன்காரியும் இதையேதான் சொல்கிறாள். புதன்கிழமைக் கூட்டத்தில் அவளைப் பற்றித்தான் கதைத்தார்கள்."

கூட்டங்கள் இரண்டு வகை. திங்கட்கிழமைக் கூட்டம் மெசின்களுக்கு. அதற்குப் பேரின்பநாதன் தவறாமல் போவார். புதன்கிழமைக் கூட்டம் நோயாளிகளுக்கு. கிழமைக்கு ஒரு நோயாளியை எடுத்து, பதினொரு நாட்டு டாக்டர்களும் தாதிகளும் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். அந்தப் பக்கம் இவர் போனதே இல்லை.

"என்ன சொல்லுறா மீன்காரி?"

"மெசின் பிழையாம். மூன்று மெசின் மாற்றிப் பார்த்துவிட்டார்கள். மாத்திரை, குளிசை ஒன்றும் போடமாட்டேன் என்கிறாள்."

"அவ சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கும்" என்றார் பேரின்பநாதன்.

அன்றே பழுது அறிக்கை எழுதிப் பதினொரு இடத்துக்கும் அனுப்பினார். பத்து இடங்களிலிருந்து பதில் இல்லை. கானாவிலிருந்து அக்னெஸ் என்ற மூத்த தாதி மட்டும் எழுதினார். மெசின்களைப் பற்றி ஒரு வரி. பிறகு, 'நேற்றிரவு என்ன சாப்பிட்டீர்கள்? நித்திரை எப்படி?'

பேரின்பநாதனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "எங்கட ஆக்கள் மாதிரியே. சாப்பிட்டியளோ எண்டு கேளாமல் கதை துவங்காயினம்" என்று பற்றிக்கிடம் சொன்னார். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் விடுவது அழகில்லை என்பதால் விபரமாகவே எழுதினார். புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும், பொரித்த கருவாடு நாலு துண்டு. நித்திரை அவ்வளவு இல்லை, விடிய எழும்பினால் தலையிடி.

அதன்பிறகு தினமும் ஒரு கடிதம். படியேறினால் களைக்கிறதா? கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், சுகமாக இருக்கிறார்களா? இவரும் மெசின் எண்களோடு குடும்பச் செய்தியையும் சேர்த்து அனுப்பினார்.

ஒருநாள் சரளா கீழே இறங்கி வந்தார். "சார், மெஷின் இருக்கட்டும். நீங்க ஒரு டாக்டரைப் பாருங்களேன்."

"பாப்பம் டொக்டர். முதல்ல மெசினைப் பாப்பம்."

"நான் சீரியஸா சொல்றேன்."

"நானும்தான். பதினாலு மெசின் பழுதாப் போட்டுது."

சரளா சிவப்பு ஒட்டிகளை எண்ணிப் பார்த்தார். பிறகு மேலே போய்விட்டார். டொக்டருக்குத் தன்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று பேரின்பநாதன் நினைத்தார். வேலையும் போய்விடுமோ என்று அன்றிலிருந்து ஒரு கலக்கம் பிடித்துக்கொண்டது. அடுத்த மெசின் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு காட்டியது.

பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்றாம் மாடி வீட்டில், மனைவி யோகராணி அவருடைய தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சரப்பா, ஆர் உது அக்னெஸ்?"

"கானாவிலை ஒரு தாதி. மெசின் விசயம்."

"மெசின் விசயத்துக்கு, நீங்கள் நித்திரை கொண்டியளோ எண்டு அவவுக்கு என்ன?"

"அது மரியாதைக்குக் கேக்கிறதப்பா."

"கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருசம். தலையிடிக்குது எண்டு எனக்கு ஒருநாள் சொன்னனியளே?" அவள் குரல் தணிந்தது. "உங்கட அண்ணைக்கும் இப்பிடித்தான்..."

"அந்தக் கதையை எடுக்காத."

அவருடைய தமையன் ஸ்காபரோவில் காரிலிருந்து பனியை வழித்துக்கொண்டிருந்தபோது விழுந்தவர். ஐம்பத்தாறு வயது. செத்தவீடு முடிந்து வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் 'பிறசர்' என்ற சொல்லைச் சொல்வதில்லை. பேரின்பநாதனுக்குப் பயம். வேறொன்றுமில்லை, வெறும் பயம். ஆனால் கண்ணால் காணாத ஒரு தாதி கூடப்பிறந்தவர்களைப் பற்றிக் கேட்டபோது, எப்படியோ அந்தக் கதை முழுவதையும் ஒரு பக்கத்துக்கு எழுதிவிட்டிருந்தார்.

யோகராணி அதற்குமேல் சண்டை பிடிக்கவில்லை. அதுவே அவருக்கு விளங்கவில்லை. அடுத்த நாள் கறியில் உப்பில்லை.

"என்ன இது?"

"உப்பு முடிஞ்சுது."

மூன்றாம் நாளும் முடிந்துதான் இருந்தது. கருவாட்டைக் காணவில்லை. புட்டுக்குப் பதிலாக ஓட்ஸ் கஞ்சி வந்தது. 'வீட்டிலும் நிலைமை மோசம்' என்று அக்னெஸுக்கு எழுதினார். 'கேட்கச் சந்தோசமாக இருக்கிறது' என்று பதில் வந்தது. அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டாள் பாவம் என்று அவர் மன்னித்துவிட்டார்.

இருபத்துநாலாவது மெசினிலும் சிவப்பு ஒட்டி ஏறிய அன்று சரளா கூப்பிட்டார்.

"சார், நாளைக்குக் காலைல எல்லாரும் கனெக்ட் ஆகறாங்க. பதினொரு கன்ட்ரியும். ஒரு மணி நேரம் முழுக்க ஒதுக்கியிருக்கோம். நீங்க கட்டாயம் வரணும்."

"நான் என்ன கொண்டு வரவேணும்?"

"நீங்க வந்தா போதும்."

அந்தச் சொல்லின் அர்த்தம் அவருக்கு நன்றாகவே விளங்கியது. விசாரணை. விடிய எழும்பிக் கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டார். இருபத்துநாலு படிவங்களையும் கோப்பில் அடுக்கினார். யோகராணி வாசலில் நின்று கோட்டுக் கழுத்தைச் சரிசெய்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அவையள் சொல்லுறதைக் கேளுங்கோ" என்றாள்.

"வேலை போனாலும் பாத்துக்கொள்ளலாமப்பா" என்று அவளைத் தேற்றிவிட்டுப் படியிறங்கினார்.

கூட்ட அறையில் பற்றிக் பெரிய திரையைப் போட்டிருந்தான். பதினொரு கட்டங்களில் பதினொரு நாடுகள். நடுவில் அக்னெஸ். மூக்குக்கண்ணாடி, தலையில் நீலத் துணி, எதிர்பார்த்ததைவிட வயதானவர். பன்னிரண்டாவதாக ஒரு கட்டம் கறுப்பாக இருந்தது, பெயரும் இல்லை.

"அது ஆர்?" என்று பற்றிக்கின் காதில் கேட்டார்.

"அழைப்பின் பேரில் வந்தவர் அண்ணை."

மெசின் கொம்பனிக்காரன், ஒளித்திருந்து கேட்கிறான். பேரின்பநாதனுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. வேலை போவதென்றால் உண்மையைச் சொல்லிவிட்டே போகட்டும். எழும்பி நின்றார்.

பத்து நிமிடம் பேசினார். பற்றறி, கதிரை, ஐந்தாம் மாடி, ஆளுக்கு ஆள் மாறும் எண்கள், ஒன்றையும் விடவில்லை. யாரும் குறுக்கிடவில்லை. பதினொரு முகங்களும் அவரை இரக்கத்தோடு பார்த்தன. தன் பக்கத்து நியாயம் எடுபடுகிறது என்று அவர் உற்சாகமானார்.

"நாலு வருசம்" என்றார். கையைத் தூக்கிக் காட்டினார். "நாலு வருசம் இந்தக் கை பிழைவிடேல்லை. பிழை மெசினிலைதான். இருபத்துநாலையும் திருப்பி அனுப்பவேணும்." கறுப்புக் கட்டத்தை நேராகப் பார்த்து விரலை நீட்டினார். "ஒளிச்சிருந்து கேக்கிறவைக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன். எனக்கு ஒரு வருத்தமுமில்லை."

மலாவிக் கட்டத்தில் இருந்த இளம் டாக்டர் கையை உயர்த்தினார். "எங்கள் மீன்காரியும் இப்படியேதான் சொன்னார். சென்ற கிழமைதான் சம்மதித்தார்."

"எதுக்கு, மெசினைத் திருப்பி அனுப்பவோ?" என்று கேட்டார் பேரின்பநாதன்.

அக்னெஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரளா கைப்பையைத் திறந்து, ஒரு குளிசை அட்டையை எடுத்து மேசையில் வைத்து, பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரையும் வைத்தார்.

பற்றிக் ஒரு பொத்தானைத் தட்டினான். கறுப்புக் கட்டத்தில் வெளிச்சம் வந்தது. பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டுக் குசினி, சுவரில் முருகன் கலண்டர், அதற்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோகராணி.

"இஞ்சரப்பா, மெசின் கூட்டம் திங்கக்கிழமையாம். இண்டைக்குப் புதன்."