ஜன்னல் மாமாவும் எங்கள் வீட்டுச் சத்திரமும்

எனக்கு எண்பத்து மூன்று வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. ஏழும் இன்றைக்கு வீட்டு வரி கட்டுகிற அளவுக்கு ஆளாகியிருக்கின்றன. பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் அடுத்தவர் வீட்டு வரியை நினைத்துச் சோறு இறங்காமல் தவித்த ஒரு மனுஷரைப் பழனி மலை முழுக்கச் சல்லடை போட்டாலும் இன்னொரு தடவை பார்க்க முடியாது. நாயுடுபுரத்தில் அவருக்கு ஜன்னல் மாமா என்று பெயர். சொந்தப் பெயரை அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

பத்திரம் எழுதுவது அவர் தொழில். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன கம்பளிக் கோட்டைச் சித்திரை வெயிலிலும் கழற்ற மாட்டார். கோட்டின் இடது பையில் முத்திரைத்தாள் இருக்கும், வலது பையில் வறுத்த கடலை. எங்கள் பக்கத்துப் பத்திரங்களை இன்றைக்கு எடுத்து முகர்ந்தாலும் கடலைத்தோல் வாசம் அடிக்கும்.

யார் வீட்டு முன்னால் நின்றாலும் முதலில் ஜன்னல்களை எண்ணுவார். பிறகுதான் மனுஷரைப் பார்ப்பார்.

"நாலு ஜன்னலா? ஏன் தாயி, காசு கையைக் கடிக்குதா?"

அவர் கணக்கு இதுதான். ஜன்னல் கூடினால் சீசனுக்கு வருகிறவர்கள் வாடகை அதிகம் கொடுப்பார்கள். வாடகை கூடினால் வரி கூடும். ஆகவே ஜன்னல்தான் குடும்பத்துக்குச் சத்துரு.

ஒரு வருஷம் அவர் பேச்சைக் கேட்டு எங்கள் தெருவில் ஐந்து வீட்டுக்காரர்கள் ஜன்னல்களைக் கல் வைத்து அடைத்தார்கள். சீசன் வந்தது. மதுரையிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்த ஒரு குடும்பம் அறைக்குள்ளே எட்டிப் பார்த்தது.

"மலையைப் பாக்க வந்தோமுங்க. செவரு எங்க ஊர்லயே இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஐந்து வீட்டுக்காரர்களும் மாமாவைச் சுற்றி வளைத்தார்கள்.

"வரி கொறஞ்சுச்சா இல்லையா?" என்றார் மாமா.

"வாடகையே வரலையேய்யா!"

"அப்ப வரியே இல்லை! இதுக்கு மேல ஒரு மனுஷன் என்னய்யா செய்வான்?"

ஓய்வு பெற்ற டிரில் வாத்தியார் ஒருவர் இருந்தார். அவருக்கு ரெண்டு வீடு. ஒன்றைச் சம்சாரம் பேருக்கு மாற்றினால் பாரம் குறையும் என்று மாமா யோசனை சொல்ல, வாத்தியாரும் குடியிருந்த நல்ல வீட்டையே எழுதி வைத்தார். பதிந்து முடித்த மறுநாள் வெள்ளனே அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டார்.

"ஒங்க வீடு கீழ இருக்குல்ல? அங்க போங்க. இங்கதான் இருக்கணும்னா அட்வான்ஸ் குடுங்க."

முப்பது வருஷம் ஊருக்கே விசில் ஊதினவர், சொந்த வீட்டில் சீசன் வாடகை கொடுத்துக் குடியிருந்தார். ஒரு நாள் நடுத்தெருவில் மாமாவின் கோட்டைப் பிடித்து உலுக்கினார். மாமா பதறவே இல்லை.

"வாடகைக்கு ரசீது வாங்கினீங்களா சார்?" என்று கேட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் நாங்களும் போய் மாட்டினோம்.

பேத்துப்பாறையில் எனக்குச் சேர வேண்டிய பூண்டுக் காட்டை விற்று, நாயுடுபுரத்தில் ரெண்டு அறையும் அடுப்படியுமாக ஒரு கல் வீடு வாங்கியிருந்தோம். வீடு என் பேரில். அதற்காகவே கையெழுத்துப் போடப் பழகினேன். உள்ளே ஒன்பது பேர். என் வீட்டுக்காரருக்கு ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை, அந்தச் சம்பளம் அரிசிக்கே காணாது. வீடு கட்டக் கடன் கொடுக்கிற சொசைட்டியில் வாங்கி மாடியில் இன்னும் ரெண்டு அறை எழுப்பிவிட்டால், சீசன் வாடகையில் கடனும் அடையும், பிள்ளைகளும் படிக்கும். கடன் கிடைக்காவிட்டால் பெரியவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திப் பேத்துப்பாறைக்குக் கூலிக்குப் பூண்டு எடுக்க அனுப்புவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பெரியவள் என் நாத்தனார் மகள், தாயில்லாப் பிள்ளை. அவளை அனுப்பினால் ஊர் என்னைத்தான் சொல்லும். ஊர் கிடக்கட்டும், எனக்கே பொறுக்காது.

மாமா வந்தார், ஜன்னல்களை எண்ணினார், கடலை மென்றார்.

"கடன் கெடக்கட்டும் தாயி. மொதல்ல வரியை ஒழிக்கணும். பழனிக்கு நடந்து போற சனம் தங்குற சத்திரம்னு டிரஸ்ட் எழுதிருவோம். சத்திரத்துக்கு வரி கெடையாது. சாமி பேருல வீடு, ஒங்க கையில சாவி. எப்படி?"

"நெசமாவே சனம் வந்துட்டா மாமா?"

"யாரு வரப் போறா? எல்லாம் காகிதத்துலதான்."

எழுதினார். நானும் கையெழுத்துப் போட்டேன். பதிகிற சோலியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் பத்திரத்தை வாங்கிக்கொண்டார். அதன் நகல் ஒன்றை வைத்து வரி ஆபீசுக்கு மனுவும் போட்டார். அத்தோடு விட்டாரா? ஆபீசர் பார்க்க வரும்போது கண்ணில் பட வேண்டும் என்று ஒரு பலகையும் எழுதி வாசலில் தொங்கவிட்டார். 'பாதயாத்திரை பக்தர்களுக்குத் தங்க இடமும் ஒரு வேளை அன்னமும் இலவசம்.'

தைப்பூசத்துக்கு அடுக்கம் பக்கத்துச் சனம் மலையேறி வந்து, எங்கள் தெரு வழியாக வில்பட்டிப் பக்கம் இறங்கிப் பழனிக்குப் போகும். மற்ற வருஷங்களில் குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வருஷம் பலகையைப் படித்துவிட்டார்கள்.

காலை பத்து மணி இருக்கும். வாசலில் முப்பத்திரண்டு பேர், ஏழு காவடி, ஒரு சேவல்.

"ஆத்தா, போர்டு போட்டிருக்கே. வெரசா ரெண்டு வாய் கஞ்சி கெடைக்குமா?" என்றார் முன்னால் நின்ற பெரியவர்.

காவடியோடு நிற்கிறவரிடம், வரிக்காக மாட்டின பலகை அது என்று எப்படிச் சொல்வது? அடுப்பை மூட்டினேன். தெருவில் அரிசி ஒரு வீடு, பருப்பு ஒரு வீடு என்று கொடுத்தார்கள். ஜன்னல் அடைத்த ஐந்து வீட்டுக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்து கேரட் நறுக்கினார்கள். மாமா கோட்டோடு பந்தி பரிமாறினார்.

"ஏலே, அந்த வரிசைக்குச் சாம்பார் போகலே பாரு!" என்று என் வீட்டுக்காரரையே விரட்டினார்.

அந்த நேரம் பார்த்து வரி ஆபீசர் வந்தார். காவடிக்காரர்கள் அவரையும் பிடித்து உட்கார வைத்து இலை போட்டுவிட்டார்கள். மூன்று தரம் சோறு வாங்கினார். கை கழுவிவிட்டு, நோட்டில் எழுதினதை எங்களுக்கும் வாசித்துக் காட்டினார்.

"'உண்மையான தர்மச் சத்திரம். ஒரு குடும்பம் மூலையில் ஒதுங்கியிருந்து தொண்டு செய்கிறது.' அம்மா, நீங்க புண்ணியவதி."

மாமா காவடிக்காரரோடு சேர்ந்து ஆடினார். "ஒத்தப் பைசா வரி கெடையாது தாயி!"

மறுநாள் சொசைட்டிக்குப் போனோம். சத்திரத்துச் சேதி எங்களுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. செக்ரட்டரி கையைக் கூப்பினார்.

"சத்திரத்தை எப்படிங்க அடமானம் வாங்குறது? நாளைக்கு நீங்க கடன் கட்டலேன்னா நான் யாரை ஜப்தி பண்ணுவேன்? முருகனையா?"

வரியும் இல்லை, கடனும் இல்லை, வீடும் இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் வீட்டுக்காரர் பெரியவளின் துணிகளை மடித்து ஒரு மஞ்சள் பையில் வைத்தார்.

நான் நேரே மாமா இருக்கிற இடத்துக்குப் போனேன். அதுவரை அங்கே போனதில்லை. விறகுக்கடைக்குப் பின்னால் ஒரு வாடகை அறை. பட்டப்பகலில் சிம்னி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அறையில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. இருந்த ஒன்றையும், மாமாவின் யோசனையைக் கேட்டு வீட்டுச் சொந்தக்காரர் அடைத்திருந்தார்.

"எம்புள்ளை பள்ளிக்கூடம் நின்னுச்சுன்னா ஒங்க கோட்டைக் கொளுத்திருவேன் மாமா!" என்று கத்தினேன்.

அவர் கோட்டுக்குள் கையை விட்டார். முத்திரைத்தாள் இருக்கிற இடது பையில் இல்லை, கடலை இருக்கிற வலது பையில். எட்டாக மடித்த என் பத்திரம் வந்தது, தோலும் உப்புமாக. கையெழுத்து இருந்தது. ஆபீஸ் முத்திரை இல்லை.

"பதியலே தாயி. பதியாத வரைக்கும் இது வெறுங் காகிதம். வீடு ஒங்களுதுதான்."

"ஏன் பதியலே?"

"மூணு வாட்டி போனேன். மொத வாட்டி போறப்ப ஒங்க பெரியவ எதிர்ல புத்தகப் பையைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தா. 'மாமா, எங்க வீட்டுக்கு எப்ப மாடி வரும்?'னு கேட்டா. அதுக்கப்புறம் ஆபீஸ் வாசல்ல கால் ஓட மாட்டேங்குது. சாமிக்கு மலையே இருக்கு தாயி. ஏழு புள்ளைக்கு இந்த ஒரு வீடுதானே கெடக்கு."

"இதை முந்தியே சொல்றதுக்கு என்ன?"

"ஊரெல்லாம் வீட்டை வரியில்லாமப் பண்ணிட்டேன்னு பீத்திட்டேனே."

அவரே சொசைட்டிக்கும் வரி ஆபீசுக்கும் நடந்தார். தான் எழுதின மனு தப்பு என்று தன் பேரிலேயே ஒரு மனு எழுதிக் கொடுத்தார். பத்திரம் எழுதுகிறவருக்கு அதைவிடத் தலைக்குனிவு வேறு இல்லை. வரி ஆபீசர் சிரித்துவிட்டு முழு வரி போட்டார். "சாப்பாட்டுக்குன்னு ஒண்ணும் கழிக்க முடியாது" என்றாராம்.

மாசி முடிவதற்குள் கடன் வந்தது. மஞ்சள் பையிலிருந்த துணிகள் கொடிக்குத் திரும்பின. ரெண்டு அறை எழும்பியது. மிஞ்சின கல்லில் பள்ளத்தாக்கைப் பார்த்தாற்போல் ஓரமாக ஒரு சின்ன அறையும் போட்டேன். ஜன்னல் எத்தனை என்று கொத்தனார் கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாம்" என்றார் மாமா.

"ரெண்டு வைங்க" என்றேன் நான்.

"சின்ன ரூமுக்கு ரெண்டா? யாருக்கு வாடகைக்கு விடப் போறீங்க?"

"வாடகைக்கு இல்லை மாமா. ஒங்களுக்கு."

சுவரைப் பார்த்தார். விரலை நீட்டி, இன்னும் வைக்காத ஜன்னல்களை ஒன்று, ரெண்டு என்று எண்ணினார்.

"வரி கூடுமே தாயி."

"கூடட்டும். நான் கட்டிக்கிறேன்."

கட்டினேன். அவர் அந்த அறையில் இருந்த பதினோரு வருஷமும் கட்டினேன், இன்றைக்கும் கட்டுகிறேன். அந்த அறையைச் சீசனுக்கு விடுவதில்லை. தைப்பூசத்துக்கு அடுக்கத்துக்காரர்கள் வந்தால் மட்டும் திறப்போம். அந்தப் பலகையை அவர்கள் கழற்ற விடவில்லை.

கயல், நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒரு தடவை வாசித்துக் காட்டு தாயி. ஜன்னல் ரெண்டு என்றுதானே போட்டிருக்கிறாய்? அவர் பேச்சைக் கேட்டுக் குறைத்து எழுதிவிடாதே.